குண்டூசியின் தொப்பை

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கூட்டிச் சொல்லும் பழக்கமும் எனக்குக் கிடையாது. நீங்கள் நம்பவேண்டுமே என்று பல இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

கார் நிறுத்துமிடத்தில் கிடந்த பூனைக்குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள் என் மகள். உடம்பு கம்பி மாதிரி, நடுவில் மட்டும் ஒரு உருண்டை. குண்டூசி என்று பெயர் வைத்தேன். கால்நடை மருத்துவர் எடை பார்த்தார். எண்ணூறு கிராம்.

"ரெண்டு வாரத்துல ஒரு கிலோ வந்துடணும். குட்டிகளுக்குன்னே விக்கிற தீனியை நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. பால் வேண்டாம், வயித்தால போகும். தண்ணி எப்பவும் இருக்கட்டும். இப்ப சாப்பிடறதுதான் ஆயுசுக்கும் எலும்பு, கண்ணு, இதயம் எல்லாம்."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரு கிலோ வந்தா இருக்கட்டும். இல்லேன்னா குடோன்காரர் எலி பிடிக்கக் கேட்டுக்கிட்டே இருக்கார், குடுத்துடுவேன். நோஞ்சானைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய என்னால ஆகாது."

குண்டூசியைக் கொடுக்க எனக்கு மனசில்லை. நான் பேச ஆரம்பித்ததும் எழுந்துபோகாத ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அப்போதுதான் மாப்பிள்ளை முன்வந்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர். கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது.

"எங்கிட்ட விடுங்க மாமா." குட்டியை மல்லாத்திப் போட்டு வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். "தொப்பை! மொதல்ல இதைக் கரைக்கணும். அப்புறம்தான் சதை ஏத்தணும்."

"மாப்பிள்ளை, குட்டின்னா வயிறு உருண்டையாத்தானே…"

"உங்க தொப்பைக்கும் இப்படித்தான் ஒரு காரணம் சொன்னீங்க மாமா."

சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஏறியது. தோல் நீக்கி, கொழுப்பு நீக்கி, ருசியும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி இருபது கிராம், இரண்டு வேளை. நடுவில் வெள்ளரிக்காய். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று வேறு போட்டிருந்தது. மற்ற நாட்களில் பூனை என்ன வேலை பார்க்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

நாலாம் நாள் குண்டூசி வெள்ளரிக்காயைத் தட்டோடு தூக்கி ஜன்னல் வழியே எறிந்தது. ஆறாம் நாள் முன்னங்காலில் நரம்பு புடைத்தது. எட்டாம் நாள் ஃபிரிட்ஜை இரண்டடி நகர்த்தியது. அதற்குப் பின்னால் பெருக்கி எத்தனை வருஷமாச்சு என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். பல்லிகள் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்தன. பெரிய பல்லி மட்டும் மரியாதை தெரிந்தது, என்னிடம் சொல்லிக்கொண்டு போயிற்று.

பலம் ஏறியதே தவிர எடை ஏறவில்லை. சமையலறைத் தராசு எண்ணூறிலேயே நின்றது.

நானே களத்தில் இறங்கினேன். மருத்துவர் சொன்ன தீனியை வாங்கிச் சட்டைப்பையில் ஒளித்து, குளியலறைக்குக் குட்டியோடு போய், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து ஊட்டினேன். தினம் நாலு வேளை.

"என்னங்க, எந்நேரமும் பாத்ரூமே கதியா இருக்கீங்க? டாக்டரைப் பாருங்களேன்."

"வயசாகுதில்ல" என்றேன்.

இரண்டு வாரம் முடிந்த அன்று குடும்பமே மருத்துவர் முன்னால் நின்றது. தராசில் குண்டூசி நெளிந்தது. "யாராவது பிடிச்சுக்குங்க" என்றார். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"சரியா ஒரு கிலோ."

மாப்பிள்ளையின் மார்பு விரிந்த வேகத்தில் சட்டைப் பொத்தான் ஒன்று பறந்து மருத்துவரின் சான்றிதழ்க் கண்ணாடியை உடைத்தது. "பாத்தீங்களா மாமா? கட்டுப்பாடு!" தொப்பையில் தொடங்கி வெள்ளரிக்காய் வரை மருத்துவரிடம் ஒப்பித்தார்.

மருத்துவர் நெற்றியில் கை வைத்தார். "தொப்பையா? சார், இந்த வயசுல குட்டி வயிறு அப்படித்தான் இருக்கும். தயவுசெஞ்சு நான் சொன்னதை மட்டும் போடுங்க."

"போட்டுடலாம் டாக்டர். கரைக்கற வேலைதான் முடிஞ்சிடுச்சே!"

"சொன்னா சொன்னதுதான். இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் என் மனைவி. போகிற வழியில் அதற்கு ஒரு கிண்ணமும் வாங்கினாள். இப்போது குண்டூசி நாலு வேளையும் கூடத்தில் உட்கார்ந்து, ஒளிவு மறைவில்லாமல் சாப்பிடுகிறது. மாப்பிள்ளை அதன் படத்தைப் பயிற்சிக் கூடச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்துப் பதினொரு பேர் வெள்ளரிக்காய் தின்கிறார்கள்.

அன்று தராசு காட்டிய ஒரு கிலோவில் நூற்று முப்பது கிராம் என் கட்டைவிரல்.