மடிப்பு கலையாத வெள்ளைக் கோட்டு

அறுபத்து மூன்றாவது பில்லில் பிரேமலதாவின் பேனா நின்றது.

எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னட்டி, என்னத்தப் பாக்குத? போட்டுக் குடு. ஒங் கொழுந்தன் வண்டியோட வாசல்ல நிக்கான்."

"படிக்கேன் அத்தை."

"கையெழுத்துதான போடச் சொன்னாங்க? படிக்கவா சொன்னாங்க?"

அந்த வீட்டின் வழக்கம் அதுதான். மதியச் சோற்றுக் கேரியர் கடைக்குப் போகும். சில நாள், காலிக் கேரியரோடு ஒரு வாரத்துப் பில் கட்டு வீட்டுக்கு வரும். மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். சீவலப்பேரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அந்த மருந்துக் கடையிலும் மேற்பார்வை நடக்கத்தான் செய்தது. மருந்து கொடுத்து ஒரு வாரம் கழித்து, வீட்டு அடுக்களையில், அரிவாள்மணைக்கும் அம்மிக்கும் நடுவே நடந்தது.

பிரேமலதா பாளையங்கோட்டையில் டி.பார்ம். படித்தவள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் அவள் முகத்தைப் பார்த்ததைவிடச் சான்றிதழைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். அதற்காகப் பவுனில்கூடக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். கல்யாணமான மறுவாரமே சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டிவிட்டான் கணவன் மகாராஜன். வெள்ளிதோறும் அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. சான்றிதழுக்குச் சொந்தக்காரி மட்டும் கடைப் பக்கம் வரக் கூடாது. கண்டவனும் வந்து நிற்கிற இடத்தில் நம் வீட்டுப் பெண் உட்கார்ந்தால் மரியாதை என்ன ஆவது? அந்த மரியாதை மருந்து ஆய்வாளர் வரும் அன்று மட்டும் விடுப்பில் போகும். அன்றைக்குக் கொழுந்தன் இசக்கிராஜா பைக்கில் வந்து மதினியை ஏற்றிக்கொண்டு பறப்பான். கடை மேஜை டிராயரில் மடித்து வைத்திருக்கும் வெள்ளைக் கோட்டைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு அவள் அரைமணி நேரம் மருந்தாளுநராக இருப்பாள். ஆய்வாளரின் ஜீப் பாலம் தாண்டியதும் மறுபடி அடுக்களை.

மற்ற நாட்களில் மருந்து கொடுப்பது இசக்கிராஜா. பிளஸ் டூவில் இரண்டு பாடம் பாக்கி வைத்திருப்பவன். மாத்திரைகளை அட்டையின் நிறத்தை வைத்து அடையாளம் தெரிந்துகொள்வான். ஊரில் பாதிப்பேர் அவனை டாக்டர் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள்.

பேனா நின்ற பில்லில் ஒரே ஒரு வரிதான். மெத்தோட்ரெக்சேட், முப்பது மாத்திரை, பேச்சித்தாய், கீழத்தெரு. தேதி எட்டு நாளைக்கு முந்தையது.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மாத்திரை அது. வாரத்துக்கு ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் இரத்தம் ஊறுவது நின்றுபோகும். நான்கு மாத்திரை ஒரு மாதத்துக்குப் போதும். முப்பது எதற்கு?

பிரேமலதா பில்லோடு வாசலுக்குப் போய்க் கொழுந்தனிடம் கேட்டாள். அவன் பைக் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டே பதில் சொன்னான்.

"அதுவா மதினி? டவுன் டாக்டர் வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதியிருந்தாரு. வலிக்கு வாரத்துக்கு ஒண்ணு போட்டா எப்பக் கேக்க? நான்தான் தெனம் ஒண்ணாக்கி விட்டேன். நம்ம கடை மருந்துன்னா பட்டுன்னு கேக்கணும்லா?"

டாக்டர் எழுதியதை அவன் தப்பாகப் படிக்கவில்லை. சரியாகப் படித்துவிட்டு, டாக்டரைத் திருத்தியிருந்தான்.

பிரேமலதா உள்ளே திரும்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கீழத்தெருவை நோக்கி நடந்தாள். கல்யாணமாகி வந்த நான்கு வருஷத்தில் அந்தத் தெருவில் அவள் கால் வைத்தது அன்றுதான். பின்னாலிருந்து மாமியார் கூப்பிட்டது நாலு வீட்டுக்குக் கேட்டது.

பேச்சித்தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். நாற்று முடியைப் பிடித்துப் பிடித்து விரல் கணுவெல்லாம் வீங்கிப்போன கை. பாயில் சுருண்டு கிடந்தாள். வாய் முழுக்கப் புண், ஈறில் இரத்தக் கசிவு, உடம்பு அனலாய்க் கொதித்தது. இரண்டு நாளாக நீத்தண்ணியைத் தவிர எதுவும் இறங்கவில்லை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மாத்திரை தெனமும் போட்டீங்களாக்கா?"

"ஒரு நா விடலயே, தாயி. விடாமப் போடுன்னு சின்ன மொதலாளி சொல்லிச்சு. இந்த வாய்ப்புண்ணுக்கும் அங்கனதான் போயி மருந்து வாங்கினேன். அதயும் சேத்துப் போடச் சொல்லிச்சு."

எட்டு மாத்திரை குறைந்த அட்டைகள் தலைமாட்டில் ஒரு காகிதக் கவரோடு கிடந்தன. கவரின் மேல் இசக்கிராஜாவின் கையெழுத்தில், 'தினம் காலை 1.'

பிரேமலதா 108க்குப் போன் செய்தாள். வண்டி வந்ததும் டாக்டர் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் மறக்காமல் காட்டச் சொன்னாள். கவரை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீடு திரும்பியபோது மகாராஜன் கடையை விட்டுவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பேச்சித்தாய் பிழைப்பாளா என்று யாரும் கேட்கவில்லை. கீழத்தெருவுக்குப் போனதை யார் யார் பார்த்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி அந்தக் கவர் எங்கே என்பது. அதை அடுப்பில் போடச் சொன்னான். நான்கு மாத்திரைக்குப் புதுப் பில் ஒன்றை நீட்டி, கையெழுத்தும் கேட்டான். வாரம் ஒன்று என்று சொல்லித்தான் கொடுத்தோம், படிக்காத பொம்பளை தினமும் தின்றுவிட்டாள். இதுதான் இனிமேல் வீட்டில் எல்லாரும் சொல்ல வேண்டிய கதை.

பிரேமலதா பேனாவைத் தொடவில்லை. மகாராஜனின் குரல் தணிந்தது. தணிந்தால்தான் அவனுக்கு மிரட்ட வரும்.

"பைய யோசி. சுவத்துல தொங்குதது யாரு பேரு? உம் பேரு. அத்தன பில்லுலயும் யாரு கையெழுத்து? நாளைக்கு மேல இருந்து கேட்டா, மொத ஆளா மாட்டுதது நீதான். நானும் தம்பியும் என்ன படிச்சிருக்கோம், எங்களக் கேக்க?"

அவன் சொன்னது உண்மைதான். அந்தக் கடையில் தப்பு செய்கிற உரிமை ஆண்களுக்கு இருந்தது. தண்டனைக்குத் தேவையான படிப்பு அவளிடம்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை, குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது பைக் ஹாரன் அடித்தது.

"மதினி, கோட்டு போடணும். சீக்கிரம் வாங்க."

வழக்கமான சோதனைதான் என்று நினைத்தார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டு எங்கே போன் செய்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிரேமலதா கையைக் கழுவினாள். அரிசி டின்னுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். போகிற வழியெல்லாம் படிக்காத பொம்பளைக் கதையை இசக்கிராஜா அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தான்.

ஆய்வாளர் டெபோராவுக்கு ஐம்பது வயதிருக்கும். மகாராஜன் வாங்கி வைத்திருந்த இளநீரை அவர் தொடவில்லை. சான்றிதழைப் பார்த்தார், அதன்மேல் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார். பிறகு பிரேமலதாவைப் பார்த்தார். கோட்டில் நாலாக மடித்த மடிப்பு இன்னும் கத்தி முனை மாதிரி நின்றது. சட்டைப் பைக்குக் கீழே தையற்காரன் ஒட்டிய நம்பர்த் துணிகூடப் போகவில்லை. அவள் விரலிடுக்கில் புளிச்சக்கை.

"தினமும் கடையிலதான் இருக்கீங்களாம்மா?"

எல்லாக் கடையிலும் கேட்கிற கேள்வி. எல்லாக் கடையிலும் ஒரே பதில். மகாராஜன் அவளுக்கு முன்னால் தலையாட்டத் தொடங்கியிருந்தான்.

"இல்ல மேடம். நீங்க வரும்போது மட்டுந்தான் நான் வருவேன்."

மகாராஜனின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. பிரேமலதா கோட்டுப் பையிலிருந்து காகிதக் கவரையும் அறுபத்து மூன்றாவது பில்லையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். பில்லில் கையெழுத்து இல்லை.

"இது பேச்சித்தாய்க்குக் கொடுத்தது. கவர்ல எழுதினது என் கொழுந்தன். மத்த பில்லுல எல்லாம் கெடக்கது என் கையெழுத்துதான். நான் பாக்காமப் போட்டது. அதயும் எழுதிக்கிடுங்க மேடம்."

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

கடையின் உரிமம் மூன்று மாதம் நிறுத்தப்பட்டது. பிரேமலதாவுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. தப்பை ஒப்புக்கொண்டு ஒரு பக்கத்தில் பதில் எழுதினாள். அதில் எச்சரிக்கையோடு விட்டார்கள். பேச்சித்தாய் பன்னிரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்து, நாலு பாட்டில் இரத்தம் ஏற்றி, பாதித் தலைமுடியோடு ஊர் திரும்பினாள். குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைத்தவள் என்று செண்பகவல்லி மருமகளோடு பேசுவதை நிறுத்தினாள். சமைப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் மகாராஜன் சான்றிதழைக் கேட்டான். அவள் அதைச் சட்டத்திலிருந்து கழற்றி, சந்தனத்தைத் துடைத்து, தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள்.

"நான் உக்காருத எடத்துலதான் இனி அது தொங்கும். காலையில ஒம்பது மணியில இருந்து உக்காருதேன். சம்மதம்னா எடுத்துத் தாரேன்."

சம்மதமில்லை. மனைவி கடையில் உட்காருவதா, கடையே இல்லாமல் போவதா என்று அந்த வீடு ஒரு வாரம் யோசித்து, மூன்றாவதாக ஒரு வழி கண்டது. இசக்கிராஜாவுக்குப் பெண் தேட ஆரம்பித்தார்கள். தரகரின் வாட்ஸ்அப்பில் விவரம் போனது: 'பார்மசி படித்த, அடக்கமான பெண் தேவை. வேலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.'

அம்பாசமுத்திரத்திலிருந்து பெண்ணின் தகப்பனார் குடும்பத்தோடு வீடு பார்க்க வந்தார். பள்ளிக்கூட எழுத்தர், மகளைக் கடன் வாங்கிப் படிக்க வைத்தவர். செண்பகவல்லி மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, காபி கொண்டுவரும்படி மருமகளைக் கூப்பிட்டாள். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டே, மூத்த மருமகளும் பார்மசிதானாமே, இந்த வீட்டில் படிப்புக்கு மதிப்பு எப்படி என்று விசாரித்தார்.

"படிப்புக்கு நல்ல மதிப்பு உண்டு. வெள்ளிக்கெழம தவறாம சந்தனம் வைப்பாங்க."

பிரேமலதா உள்ளே போய், பெட்டியில் சான்றிதழோடு மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து வந்து, மடிப்பு மாறாமல் அவர் பக்கத்தில் வைத்தாள்.

"பொண்ணுக்குக் குடுத்துருங்க. அளவு கொஞ்சம் பெருசுதான். பரவால்ல, வருசத்துக்கு ரெண்டு தடவைதான் போட வேண்டியிருக்கும். அரைமணி நேரம்."

அம்பாசமுத்திரத்துக்காரர் கோட்டைப் பார்த்தார். நிமிர்ந்து அவள் புளிக்கறை படிந்த விரல்களைப் பார்த்தார். பிறகு, வாய் வைக்காத காபியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.