ஆறாம் நாள் வரை

கருத்தப்பாண்டி யாரையும் லேசில் நம்புகிற ஆளில்லை. மலையாளத்து எஸ்டேட் பாக்டரியில் முப்பத்தாறு வருஷம் தேயிலை அரைத்தவர். கடைக்காரன் தராசைத் தூக்கினால் குனிந்து முள்ளைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் நம்பிய ஒரே ஆள் ஈஸ்வரன். இதே லயத்து வரிசையில் அடுத்த வீட்டில் பிறந்து, எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கே தமிழ் வாத்தியாராக வந்தவன். நம்ம பிள்ளை.

பேத்தி ஆர்த்தி ஏழாம் வகுப்பு ஸ்காலர்ஷிப் பரீட்சையில் ஜெயித்ததும் டவுன் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுக்கொண்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி மே மாத லீவிலேயே தனி வகுப்பு. ஜூனில் எட்டாம் வகுப்பும் அங்கேதான். பாடம் இங்கிலீஷில், விளக்கம் மலையாளத்தில். முதல் பரீட்சையில் ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கிவந்து, பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் அம்மா மாரித்தாய் விடிந்தால் கொழுந்து கிள்ளப் போகிறவள். “நீங்களே பாத்துச் செய்யுங்கப்பா” என்று விட்டுவிட்டாள்.

மறுநாளே ஈஸ்வரன் வந்தான்.

“சித்தப்பா, பிள்ளைய ஏன் போட்டு வதைக்கிறீங்க? அங்க தமிழ்ப் பிள்ளைன்னா கடைசி பெஞ்சுதான். நம்ம ஸ்கூல்லயே இருக்கட்டும். சாயங்காலம் நானே தனியா உக்கார வச்சுச் சொல்லித் தாரேன்.”

“தெனமும் சொல்லித் தருவியாடா?”

“எம் மக மாதிரி பாத்துக்கிடுதேன்.”

உள்ளே இருந்து ஆர்த்தி எட்டிப் பார்த்தாள். “தாத்தா, ரெண்டு வாரம் பொறுங்க. நான் பிடிச்சிருவேன்.”

“நீ சும்மா இரு.”

அடுத்த வாரம் டவுன் பள்ளிக்கூடத்து சிசிலி டீச்சர் ஜீப் பிடித்து மலையேறி வந்தாள். கையில் இரண்டாவது பரீட்சைத் தாள். முப்பத்து நாலு.

“அண்ணாச்சி, மோளு நல்ல மிடுக்கி, கெட்டிக்காரி. இப்ப நிறுத்தண்டா.”

ஒரு மலையாளத்து டீச்சர் இவ்வளவு தூரம் வருகிறாள் என்றால் உள்ளே என்னமோ இருக்கிறது என்று பட்டது கருத்தப்பாண்டிக்கு.

“ஒங்க ஸ்கூலுக்கு ஆள் பத்தலையாக்கும்?”

“எங்களுக்கு ஆள் கூடுதல்தான், அண்ணாச்சி. இடந்தான் இல்ல.”

தாளை வாங்கிக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். சாயங்காலம் ஈஸ்வரன் மலையாளத்தில் ஒரு கடுதாசி எழுதிக்கொண்டு வந்தான். தனி வகுப்பு வேண்டாம் என்று டவுனுக்குச் சொல்லவாம். கருத்தப்பாண்டிக்கு மலையாளத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. காட்டிய இடத்தில் பேரைப் போட்டார். டீ கிளாசோடு பக்கத்தில் நின்று கடுதாசியை எட்டிப் பார்த்த ஆர்த்தி, “தாத்தா...” என்றாள்.

“சும்மா இருன்னேன்ல.”

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. ஈஸ்வரன் சொன்னபடி சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லித்தந்தான். ஆறு நாள். ஏழாம் நாள் மீட்டிங் என்றான். எட்டாம் நாள் பல்வலி. அதற்கப்புறம் காரணம்கூடச் சொல்லவில்லை.

விசாரிக்கப் போனவரைப் பார்த்துச் சிரித்தாள், பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்கும் கத்தரீனாள்.

“ஸ்கூல் தெறந்து ஆறாம் நாளோட சர்க்கார் கணக்குக்குத் தலை எண்ணியாச்சுல்லா அண்ணாச்சி, இனி எதுக்கு? அன்னிக்கு இருக்கிற பிள்ளைகள வச்சுத்தான வாத்தியாருக்கு வேல. ஒரு தலை கொறஞ்சிருந்தா எட்டாங் கிளாஸ்ல தமிழ் டிவிஷனே கெடையாது. சாரும் வீட்டுல இருக்க வேண்டியதுதான். ஒங்க பேத்தி புண்ணியத்துல தப்பிச்சாரு.”

கருத்தப்பாண்டி நேரே ஸ்டாப் ரூம் வாசலுக்குப் போனார்.

“ஏலே ஈஸ்வரா, ஒம் மக மோனிஷா எங்கடா படிக்கா?”

ஈஸ்வரன் எழுந்தான். “உள்ள வாங்க சித்தப்பா...”

“எங்க படிக்கான்னு கேட்டேன்.”

“டவுன்ல.”

அது லயத்துக்கே தெரியும். தினமும் காலையில் அந்தப் பிள்ளை டவுன் பஸ் ஏறுவதை அவரே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“பன்னெண்டு வருஷ சர்வீஸ், சித்தப்பா. இந்த வயசுல நான் எங்க போவேன்?”

“அதச் சொல்லிக் கேட்டிருக்கலாம்லடா.”

மறுநாள் தனியாகப் பஸ் ஏறி டவுனுக்குப் போனார். சிசிலி டீச்சர் அவரை உட்காரச் சொன்னாள். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது, இந்த வருஷம் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். பிறகு பைலிலிருந்து அந்தக் கடுதாசியை எடுத்தாள்.

“மோளு இப்படிச் சொல்லும்னு நான் நினைக்கலே.”

“அவ என்ன சொன்னா?”

டீச்சர் விரல் வைத்துப் படித்தாள். தனக்கு இந்த வகுப்பில் படிக்க விருப்பமில்லை என்று பிள்ளையே சொல்கிறாளாம். அதற்குக் கீழே கோணல் மாணலாகக் கருத்தப்பாண்டியின் பேர்.

வீட்டுக்கு வந்தபோது ஆர்த்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே கேட்டார்.

“அந்தக் கடுதாசில என்ன எழுதியிருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?”

“அன்னிக்கே படிச்சேன் தாத்தா.”

“பெறகு ஏம்மா சொல்லல?”

ஆர்த்தி கையிலிருந்த பாவாடையை மடித்து அடுக்கில் வைத்தாள். அடுத்ததை எடுத்து உதறினாள்.

“சும்மா இருன்னீங்க.”