பதினொரு மணி அல்லி

ஹெப்பகோடி சிக்னலில் மூன்றாவது முறையாகச் சிவப்பு விழுந்தது. ஸ்னேஹா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

“தூங்காதே,” என்றாள் அம்மா.

“தூங்கலை மம்மி, யோசிக்கிறேன். டாடி வீட்டுல ஃப்ரீசர் பாக்ஸ்ல இருக்கார். நாலு மணிக்கு அடக்கம். நாம ஆனேக்கல் பக்கம் பூ பறிக்கப் போயிட்டிருக்கோம்.”

“ஏழு மணிக்கே கிளம்பலாம்னு சொன்னேன். உன் சித்தப்பாதான் அடக்கத்துக்கான பாட்டு ஷீட்ல எந்த போட்டோ போடறதுன்னு ஒன்பது வரைக்கும் பிடிச்சு வெச்சான். அண்ணனுக்குத் தப்பாத தம்பி.”

அம்மா ஹில்டாவின் மடியில் ஒரு நீல பக்கெட். வியாழக்கிழமை சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா டிரேவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்து போனதிலிருந்து அவள் அழவில்லை. இரண்டு இரவுகளாகத் தூங்கவும் இல்லை. நேற்று திடீரென்று சொல்லிவிட்டாள்: கடைப் பூ வேண்டாம், பெட்டி மேல் அந்த ஏரியின் அல்லிதான் வைக்க வேண்டும், அதுவும் விரிந்த அல்லி.

அப்பாவுக்குத் தண்ணீர்ச் செடிகள் என்றால் பைத்தியம். ஸ்னேஹா பிறப்பதற்கு முன்பிருந்தே, மாதத்தில் ஒரு ஞாயிறாவது அம்மாவை அந்த ஏரிக்கு அழைத்துப் போவார். ஆனால் சர்ச்சில் இரண்டாவது ஆராதனை முடிந்து போய்ச் சேரப் பன்னிரண்டு ஆகிவிடும். இரவில் மலரும் சிவப்பு அல்லி காலை பத்து மணிக்கெல்லாம் கூம்பிவிடும். அம்மா மூடின பூவைப் பார்த்துக்கொண்டே முட்டை சான்ட்விச் தின்பாள். திரும்பும் வழி முழுக்கச் சண்டை. “நான் எழுந்து வர்றப்போ பார்த்தா உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுட்டிருக்கீங்க. சோம்பேறி.” அப்பா சிரிப்பார். “அடுத்த வாட்டி சீக்கிரம் வரலாம் ஹில்டா.”

ஏரிக்கரையில் கார் நின்றபோது மணி பத்து ஐம்பது. கண்ணுக்கு எட்டிய வரை பச்சை இலைகள். அவற்றுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் அல்லிகள், ஒன்றுகூட விரிந்திருக்கவில்லை.

“பார்த்தியா,” என்றாள் அம்மா. “செத்தும் லேட் பண்ண வைக்கிறார்.”

மீன் வலையை உதறிக்கொண்டிருந்த மஞ்சுநாத் அவர்களைக் கண்டு எழுந்து வந்தார். “சார் வரலியா மேடம்?”

ஸ்னேஹா சொன்னாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு பரிசலை எடுத்துப் போய், நீளத் தண்டோடு பறித்து வந்து பக்கெட்டில் நிரப்பினார்.

“பெளிக்கே, விடிஞ்சதுமே வந்திருந்தா விரிஞ்சிருக்கும் மேடம். ஆறு மணிக்கு வாங்கன்னு சார்கிட்ட எஷ்டு தடவை சொல்லிருக்கேன்.”

“அவராவது சீக்கிரம் எழுந்திருக்கிறதாவது.”

“இல்ல மேடம், அவர் அஞ்சுக்கே எழுந்திருவாராம். நீங்கதான் தூங்குவீங்கன்னு சொல்வார்.”

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “நானா? வாரத்துல ஆறு நாள் நாலரைக்கு எழுந்து ஆஸ்பத்திரி ட்யூட்டிக்கு ஓடறவ, நான் தூங்கறேனாமா? கேட்டியாடி உங்கப்பா பேச்சை? மீன் பிடிக்கிறவர் வரைக்கும் என் பேரைக் கெடுத்து வெச்சிருக்கார்.”

“அதேதான் மேடம்.” மஞ்சுநாத் தண்டுகளை ஒரே அளவாக நறுக்கிக்கொண்டிருந்தார். “ஆறு நாள் ஓடறா, சண்டே ஒரு நாள்தான் தூங்கறா, எழுப்ப மனசு வரலைம்பார். பூ எங்க ஓடிடப் போகுதும்பார்.”

அம்மா பக்கெட்டைத் தூக்கினாள். மறுபடி கீழே வைத்தாள்.

“தண்ணி பத்தாது,” என்றாள். “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

திரும்பும் வழியில் அவள் எந்த சிக்னலையும் திட்டவில்லை.

மூன்றரை மணிக்குப் பெட்டியை மூடியதும் அம்மா அதன் மேல் அல்லிகளை அடுக்கினாள். கிளெமென்ட் சித்தப்பா குனிந்து பார்த்தார். “என்ன அண்ணி, ஒண்ணுகூட விரியலையே. நான் ஆர்டர் பண்ண பூ ரீத்தையே வெச்சிருக்கலாம்.”

“இருக்கட்டும். அவரும் இப்படித்தான் பார்த்தார்.”

அடக்கம் முடிந்து ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பியபோது ஏழாகிவிட்டது. கால் கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போன ஸ்னேஹா அப்படியே நின்றாள். பெட்டிக்கு எடுத்தது போக பக்கெட்டில் மீந்திருந்த ஏழெட்டு அல்லியும் விரிந்திருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், அடர்சிவப்பு.

ஈரக்காலோடு ஹாலுக்கு ஓடினாள்.

ஃப்ரீசர் பாக்ஸ் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா உட்கார்ந்திருந்தாள். மோவாய் மார்பில் படிந்திருந்தது. லேசான குறட்டை.

“மம்” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். பிறகு பக்கெட்டைத் தண்ணீர் தளும்பாமல் தூக்கி வந்து நாற்காலிக்கு அருகே வைத்துவிட்டு, ட்யூப்லைட்டை அணைத்தாள்.