இறங்காமல் ஏறிய மலை

பிரனோத்தோவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சோலோ நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நான்கு ஆண்டுகளாக நண்பர்களோடு சோலோவிலிருந்து பான்யுவாங்கி வரை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாலும், வழியில் குறுக்கிடும் லாவு மலையேற்றத்தை ஒருமுறையேனும் காலைத் தரையில் ஊன்றாமல் அவர் முடித்ததில்லை. ஒவ்வோராண்டும் ஏதாவதொரு வளைவில் மூச்சு முட்டும், இறங்குவார், மிச்சத் தூரத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். இம்முறை ஏறியே தீர்வது என்று ஆறு மாதமாக விடியலில் எழுந்து பயின்றிருந்தார்.

குழுவில் நால்வர். மூத்தவர் ஹர்கோ, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். வெனிங், பள்ளிச் சீருடை தைப்பவள். துகிஜான், தள்ளுவண்டியில் நூடுல்ஸ் விற்பவர். உடல் பருமனும் வாய்த்துடுக்கும் ஒருங்கே வாய்த்தவர். நாளுக்கு ஒருவர் கடைசி ஆளாக வர வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட முறை. மருந்தும் காற்றடிக்கும் பம்பும் அடங்கிய சிவப்புப் பை அவர் முதுகில் இருக்கும். முன்னே போகிறவர் நின்றால் அவரும் நிற்க வேண்டும். யாரையும் தாண்டிப் போகலாகாது. மலையேறும் நாள் பிரனோத்தோவின் முறையாக வந்து விழுந்தது.

மலையடிவாரத்து ஊரான தவாங்மாங்குவில் காலைத் தேநீர் குடிக்கையில் ஹர்கோ கையை நீட்டினார்.

"பையை இங்க குடுங்க. இன்னைக்கு நீங்க மலையை ஜெயிக்கிற நாளு. நான் பின்னாடி வரேன்."

"வேணாம் பாக். பையோடயே ஏறிக் காட்டறேன்."

"பாருங்கடா, மலைக்கே சவால் விடறாரு மாஸ்!" என்றார் துகிஜான். அவ்வூரில் அண்ணனை மாஸ் என்றும் பெரியவரைப் பாக் என்றும் அழைப்பார்கள். "பையில எனக்கும் கொஞ்சம் இடம் இருக்குமா? நானும் உள்ள உட்கார்ந்துக்கறேன்."

"உன்னத் தூக்கினா பை இல்ல, மலையே இறங்கிடும்" என்றாள் வெனிங்.

ஏற்றம் தொடங்கியது. ஹர்கோவும் வெனிங்கும் முன்னே சென்று பனிமூட்டத்தில் மறைந்தனர். துகிஜான் சாலையின் இரு ஓரத்தையும் தொட்டுத் தொட்டு நெளிந்து நெளிந்து ஏறினார். அவருக்கு இருபதடி பின்னால் பிரனோத்தோ. கேரட் வயல்களைக் கடந்தார்கள். சென்ற ஆண்டு இறங்கிய வளைவையும் கடந்தார்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டர். தொடைகள் எரிந்தன, ஆயினும் கால் தரையைத் தொடவில்லை.

மிகச் செங்குத்தான வளைவில் துகிஜான் வண்டியோடு சாய்ந்தார். ஓரத்து வாய்க்காலுக்குள் ஒரு காலும் சைக்கிளுக்கடியில் ஒரு காலுமாகக் கிடந்தார்.

"மாஸ், கொஞ்சம் நில்லுங்க! கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. தைலத்தை எடுங்க."

அந்தச் சரிவில் நின்றால் மறுபடி ஏறி மிதிக்க இயலாது. பிரனோத்தோவுக்கு அது தெரியும். நின்றாக வேண்டும் என்பதும் அதே அளவு தெரியும்.

"இதோ, மேல போயிட்டு உடனே வந்துடறேன்!" என்று கூவியபடி அவரைத் தாண்டினார்.

"மாஸ்!" என்று இரண்டாம் முறையும் குரல் கேட்டது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் கைப்பிடி ஆடும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

ஏற்றம் முடியும் செமோரோ செவு வாயிலை அவர் அடைந்தபோது வெனிங் குதித்தே விட்டாள். ஹர்கோ அவரை வண்டியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"ஏறிட்டீங்கய்யா! நாலு வருஷக் கடன் தீர்ந்துச்சு! துகிஜான் எங்க?"

"வந்துகிட்டே இருக்கான்" என்றார் பிரனோத்தோ.

அந்தப் பொய் வாயிலிருந்து எவ்வளவு எளிதாக வந்துவிட்டது! உடனே இறங்கிப் போகலாம் என்றுதான் நினைத்தார். அதற்குள் படம் எடுத்தார்கள். வெனிங் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த மஞ்சள் சோற்றுக் கோபுரத்தை வாயிலோரச் சாப்பாட்டுக் கடைக்காரம்மா வாழையிலையோடு கொண்டுவந்து வைத்தார். ஐந்து நிமிடம் பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று. முதுகில் சிவப்புப் பை அப்படியே இருந்தது.

முட்டைக்கோசு ஏற்றிய ஒரு சிறு லாரி வந்து நின்றது. மூட்டைகளுக்கிடையிலிருந்து துகிஜான் சைக்கிளோடு இறங்கினார்; முழங்கையில் இரத்தம் உறைந்திருந்தது. எந்த ஆண்டும் எவ்வளவு தூரமானாலும் தள்ளியாவது நடந்தாரேயன்றி, ஒரு முழமேனும் லாரியேறிக் கடந்தவரல்லர்.

"என்ன ஆச்சு?" என்று பதறினார் ஹர்கோ. "கடைசி ஆளு உன்கூடத்தானே வந்தாரு?"

துகிஜான் பிரனோத்தோவை ஒரு கணம் பார்த்தார்.

"நான்தான் போகச் சொன்னேன் பாக். அவரு நின்னா ஏற்றம் கெட்டுப் போயிரும்ல? சரி சரி, சோறு ஆறுது. வெட்டுங்க மாஸ்."

கொண்டாடப்படுபவர் கோபுரத்தின் நுனியை வெட்டி, தாம் மிகவும் மதிக்கும் ஒருவருக்குக் கொடுப்பது வழக்கம். கத்தி பிரனோத்தோவின் கைக்கு வந்தது. நுனியைத் துகிஜானுக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் அழகாக முடிந்துவிடும். அந்த அழகை நினைக்கையிலேயே அவருக்கு உடல் கூசியது. கத்தியைக் கீழே வைத்தார்.

"அவன் போகச் சொல்லல. நில்லுங்கன்னுதான் சொன்னான். ரெண்டு தடவை கூப்பிட்டான். ரெண்டு தடவையும் எனக்குக் கேட்டுச்சு."

ஹர்கோ எழுந்து வந்து, அவர் முதுகிலிருந்த பையை மெல்லக் கழற்றி வெனிங்கிடம் கொடுத்தார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

முதலில் சீறியவர் துகிஜான்தான்.

"இதை எதுக்கு மாஸ் இப்ப சொன்னீங்க? எல்லாரும் நிம்மதியா சாப்பிடட்டும்னுதான் நான் மூடி வச்சேன். இப்ப உங்க பாரம் எறங்கிடுச்சு. நீங்க விட்டுட்டுப் போன ஆளா நான்ல இங்க உட்கார்ந்திருக்கேன்!"

உண்மையைச் சொன்னதும் தமக்காகவே என்பது அப்போதுதான் பிரனோத்தோவுக்கு உறைத்தது.

வெனிங் துகிஜானின் காயத்தைக் கழுவி, கெண்டைக்காலில் தைலம் தேய்த்துவிட்டாள். சோற்றை அவரவர் ஓரத்திலிருந்து கிள்ளி உண்டார்கள். நுனியை யாரும் தொடவில்லை. கால் சற்றுத் தேறியதும் துகிஜான் எழுந்தார்.

"நான் விழுந்த எடத்துக்கே எறங்கிப் போய், அங்கேருந்து தள்ளிக்கிட்டாவது வரேன். என் பாதையில ஓட்டை இருக்கக் கூடாது."

"நான் வரேன்" என்று பிரனோத்தோ சைக்கிளைப் பற்றினார்.

"நீங்க வேணாம். வெனிங் வரட்டும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேறு செருப்பை எடு என்பதுபோலச் சொன்னார். இருவரும் பனிக்குள் இறங்கிப் போனார்கள். ஹர்கோ கடைக்காரம்மாவிடம் கணக்கு முடிக்க உள்ளே சென்றார். வாயிலருகே பிரனோத்தோ தனித்து நின்றார்.

மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய இளம் தம்பதியர் அவரையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தனர்.

"பாக், இந்த மேட்டை சைக்கிள்லயா ஏறினீங்க?" என்று கேட்டான் கணவன். "எங்கேயும் இறங்காமலா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான்கு ஆண்டுகள் ஏங்கியவர் அவர். சாலையை நோக்கினார். வளைவில் இன்னும் யாரும் தென்படவில்லை.

"எங்கேயும் இறங்கல தம்பி" என்றார். "ஒரு எடத்துல இறங்கியிருக்கணும்."