பாரம் நுனியிலயோ, சமனிலயோ?

பந்தடிக்கிற ஒரு சொஃப்ட்போல் பட் வாங்க இந்த மனுசன் செய்த ஆராய்ச்சியை, பொம்பிளை பாக்கப் போறவையும் செய்ய மாட்டினம். என்னைப் பாக்க வந்த அண்டைக்கு, தேத்தண்ணி ஆற முன்னம் ஓம் எண்டு சொன்ன ஆள்தான் என்ர புருசன் பாக்கியராசா. அந்த ஆள் மகள் விஜிதாவின்ர பட் ஒண்டுக்காகக் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால குந்தியிருந்தார்.

"இஞ்சரும் ராணி, இது மரமுமில்லை, அலுமினியமுமில்லை. கொம்பசிட். நாரையும் பசையையும் படை படையா ஒட்டிச் செய்யிறது. புதுசில விறைப்பா இருக்குமாம், அடிக்க அடிக்கத்தான் இளகுமாம். குளிருக்க அடிச்சா வெடிச்சுப் போகுமாம்."

"குளிரில்லாத நாள் பாத்து அடிக்கிறதெண்டா, டென்மார்க்கில வருசத்துக்கு ரெண்டு தரம் அடிக்கலாம்," எண்டன்.

மனுசன் சிரிக்கேல்லை. சிரிக்கிற கிழமையும் இல்லை அது. 2009 வைகாசி, இலங்கையில சண்டை முடிஞ்சுதெண்டு ரீவியில காட்டி நாலைஞ்சு நாள்தான். இஞ்ச இஷொய் எண்ட ஊரில எங்கட கட்டடத்துத் தமிழ்ச் சனம் லிஃப்டில கண்டாலும் நிலத்தைப் பாத்துக்கொண்டுதான் நிண்டதுகள். இவற்ற தம்பி கஜரூபன், பெண்சாதி யோகமலர், ரெண்டு பிள்ளையள் எல்லாரும் சண்டை நடந்த வன்னிக்குள்ள. இருக்கினமோ இல்லையோ எண்டு ஒரு தகவலும் இல்லை.

கஜன் கடைசியாக் கதைச்சது ஏப்ரல் தொடக்கத்தில. ஆரோ வைச்சிருந்த சற்றலைற் போனில எடுத்தவன். செல் குண்டு விழுற சத்தம் பக்கத்தில நிண்ட எனக்கே கேட்டுது. "அண்ணை, சனம் ஆமிப் பக்கம் கடக்குது. நாங்களும் கடக்கவோ, இருக்கவோ? நீங்கள் சொல்லுங்கோ," எண்டான்.

கேக்கிறவைக்கு இது விசர்க்கதைதான். செல்லுக்குள்ள நிக்கிறவன், டென்மார்க்கில பேக்கரியில மா குழைக்கிறவனிட்டையோ வழி கேக்கிறது? ஆனா இவையின்ர குடும்பம் அப்பிடி. தகப்பன் நேரத்தோட போயிட்டார். அதுக்குப் பிறகு மூத்தவர் வாய் திறந்தாத்தான் வீட்டில ஒரு அலுவல் நடக்கும். கஜன் என்ன படிக்கிறது, ஆரைக் கட்டுறது, கிணறு எங்க வெட்டுறது, எல்லாம் இஞ்சையிருந்து இவர் சொன்னதுதான். "என்ர தம்பி என்னைக் கேளாமல் தலைமயிரும் வெட்டான்," எண்டு சபை சந்தியில நெஞ்சை நிமித்திச் சொல்லுவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அண்டைக்கு இவர் சொன்ன மறுமொழி, "பொறடா. நாலு பேரைக் கேட்டுச் சொல்லுறன்."

கேட்டார்தான். இஞ்ச டென்மார்க்கிலயே கோல்டிங்கில இருக்கிற மகேந்திரராசா அண்ணை கடக்கச் சொன்னார். கனடாவில இருக்கிற மச்சான், கடந்தா ஆம்பிளையளைப் பிரிச்செடுக்கினமாம், விடாதை எண்டான். "பிள்ளையள் இருக்குதுகள், கடக்கச் சொல்லுங்கோ!" எண்டு நான் தொண்டை கிழியக் கத்தினன். இவர் நாடியில கையை வைச்சுக்கொண்டு யோசிச்சார். ஒரு மாதிரி கடக்கிறது எண்டு முடிவெடுத்துப் போனை எடுத்தா, லைன் இல்லை. பிறகு ஒரு நாளும் கிடைக்கேல்லை.

அதோட மனுசனுக்கு ஒண்டையும் தெரிஞ்செடுக்க ஏலாமப் போச்சு. கடையில ரெண்டு கையிலயும் ரெண்டு பாணை வைச்சுக்கொண்டு மரம் மாதிரி நிப்பார். நான் போய் ஒண்டைப் பறிச்சுக் கூடைக்குள்ள எறிய வேணும். பாக்கப் பாவமாயும் இருக்கும், கோவமாயும் இருக்கும்.

விஜிதாவுக்குப் புது பட் வாங்கித் தாறன் எண்டு தை மாசமே சொன்னது. கிளப்பின்ர பழைய பட் நெளிஞ்சு போச்சு, சனிக்கிழமை போட்டி. கீழ் வீட்டு விமலாதேவி, "அங்க சனம் செத்துக் கிடக்குது, இஞ்ச உங்களுக்குப் பந்தடியோ?" எண்டு படியில வைச்சுக் கேட்டா. "என்ர பிள்ளை பந்தடிக்காட்டிச் செத்ததுகள் எழும்பி வருமோ?" எண்டு திருப்பிக் கேட்டன். வீட்டை வந்து கதவைப் பூட்டிப்போட்டு நான்தான் அழுதன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூண்டு பேருமா மைதானத்துக்குப் போனம். கோச் கிர்ஸ்டன் நல்ல மனுசி. ரெண்டு புது கொம்பசிட் பட் கொண்டுவந்து, அடிச்சுப் பாத்துப் பிடிச்சதை எடுங்கோ எண்டா. ஒண்டு நுனியில பாரம் கூடினது. மற்றது பாரம் சமனா இருக்கிறது. இந்த ஸ்லோ பிச் விளையாட்டில பந்தை உயரத் தூக்கி ஆறுதலாத்தான் போடுவினம். அதைத் தூர அனுப்பிறது அடிக்கிற ஆளின்ர கைதான். நுனிப் பாரம் எண்டா பந்து தூரப் போகும், ஆனா சுழட்டப் பலம் வேணும். சமன் எண்டா வீச்சு கெதியா வரும்.

விஜிதா ரெண்டாலையும் அடிச்சாள். எனக்கு ரெண்டும் தேங்காயில குட்டின சத்தம்தான். இவர் கிர்ஸ்டனைத் துளைச்செடுத்தார். வெடிச்சா மாத்தித் தருவினமோ, போட்டிக்கு விடுற முத்திரை ரெண்டிலயும் இருக்கோ, கை உதறுமோ எண்டு கேள்விக்கு மேல கேள்வி. மனுசி பொறுமையா எல்லாத்துக்கும் மறுமொழி சொல்லிப்போட்டு, "மகளுக்கு எது பிடிச்சிருக்கு?" எண்டு கேட்டா.

விஜிதா தகப்பன்ர முகத்தைப் பாத்தாள். பாவம், தகப்பனைச் சந்தோசப்படுத்த நினைச்சிருப்பாள். "அப்பா சொல்லட்டும்," எண்டு டெனிஷில சொன்னாள்.

இவர் ரெண்டு கையிலயும் ரெண்டு பட்டைப் பிடிச்சபடி நிண்டார். உதடு அசைஞ்சுது. "பொறு பிள்ளை," எண்டார்.

அந்த நேரம்தான் என்ர கைப்பைக்குள்ள போன் அடிச்சுது. இலங்கை நம்பர். வேலிக் கரைக்கு ஓடிப்போய் எடுத்தன்.

"அக்கா, நான் யோகமலர். நானும் பிள்ளையளும் வவுனியாவில முகாமில இருக்கிறம். அவர் இல்லை அக்கா."

வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டன். அவள் அழேல்லை. ஆற்றையோ போன், கெதியாச் சொல்லிமுடிக்க வேணும் எண்ட அவதி அவளுக்கு.

"பக்கத்துப் பங்கர்ச் சனமெல்லாம் கடந்திட்டுது. நானும் காலைப் பிடிச்சுக் கெஞ்சினனான். அண்ணை கேட்டுச் சொல்லுறன் எண்டவர், அண்ணை சொல்லாமல் அசையமாட்டன் எண்டு இவர் சொல்லிப்போட்டார். அண்ணையின்ர போன் கோல் வரும் எண்டு நாளாந்தம் அந்தப் போன்காரன்ர கொட்டிலடியிலதான் போய் நிண்டவர். அங்க நிக்கேக்கதான் செல் விழுந்தது."

"யோகம், இதை அண்ணையிட்டச் சொல்லிப்போடாதை. என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. ஒரு நாளும் சொல்லாதை," எண்டன்.

"ஓம் அக்கா," எண்டாள். லைன் அறுந்துது.

திரும்பினா இவர் பின்னால நிக்கிறார், பட் ரெண்டும் கையில. யோகமும் பிள்ளையளும் இருக்கினம், கஜன் போயிட்டான் எண்டு சொன்னன். பட் ரெண்டும் புல்லில விழுந்துது. போய் வாங்கில இருந்தார். விஜிதா ஓடிவந்து தகப்பனைக் கட்டிப்பிடிச்சு விக்கி விக்கி அழுதாள்.

பிறகு என்னைப் பாக்காமல் கேட்டார். "ராணி, என்ர மறுமொழிக்குப் பாத்துக்கொண்டு இருந்தவனாமோ?"

"இல்லை," எண்டன். "உங்களோட கதைச்ச அடுத்த நாளே வெளிக்கிட்டவையாம். கடக்கேக்கதான் செல் விழுந்ததாம்." பொய் ஒரு தடக்கலுமில்லாமல் வந்துது.

இவர் நீளமா ஒரு மூச்சு விட்டார். பிள்ளையாரே, காப்பாத்திப்போட்டாய் எண்டு நினைச்சன்.

பிறகு தலை நிமிந்துது. முகம் ஒரு மாதிரிக் கறுத்துப் போச்சு. "அப்ப என்னைக் கேளாமலோ வெளிக்கிட்டவன்?"

சொன்ன பொய்யை இனி மாத்தேலாது. "ஓம்," எண்டன்.

"பொறு எண்டெல்லோ சொன்னனான்!" கத்தினார். கிர்ஸ்டன் திடுக்கிட்டுத் திரும்பிப் பாத்தா. "ஒரு சொல்லுக் கேட்டிருந்தா இண்டைக்கு உயிரோட இருந்திருப்பான். என்னை மதிக்கேல்லை ராணி. கடைசி நேரத்தில என்னை மதிக்காமல் போயிட்டான்."

விஜிதா கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பினாள். புல்லில கிடந்ததில சமன் பாரத்தைத் தான் வைச்சுக்கொண்டு, நுனிப் பாரத்தைக் கொண்டுபோய்க் கிர்ஸ்டனிட்டக் குடுத்தாள். ஆரையும் கேக்கேல்லை.

வருசா வருசம் திவசத்துக்குக் கஜன்ர படத்துக்கு முன்னால விளக்குக் கொளுத்திறம். கொளுத்திப்போட்டு, "சொல்லுக் கேளாதவன்," எண்டு இவர் திட்டுவார். திட்டிப்போட்டு வயிறாறச் சாப்பிட்டுப் படுப்பார். நான்தான் அந்தப் படத்தை நிமிந்து பாக்கிறேல்லை.