ரீசைக்கிள் பின்னில் நாற்பத்திரண்டு

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கருப்புசாமி ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். ஹனூர் பக்கத்துக் கொங்குத் தமிழர். மைசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். ஸ்டோர்ஸ் தரையில் ஒரு வாஷர் கிடந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. எந்தச் சாமானுக்கும் ஒரு பின் உண்டு. பின் என்றால் இரும்பு அலமாரியில் நம்பர் போட்ட ஓர் அறை.

அந்த வருஷம் கம்பெனிக்கு ஐஎஸ்ஓ தரச் சான்றிதழ் பைத்தியம் பிடித்திருந்தது. ஸ்டோர்ஸில் எது எப்படி நடக்கிறது என்று எழுத்தில் காட்ட வேண்டும். கருப்புசாமி பழைய டாஸ் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் ஆறு மாதம் தட்டி, நாற்பத்திரண்டு கோப்புகள் முடித்தார். தணிக்கையில் ஸ்டோர்ஸ் சொதப்பினால் அவரை வாட்ச்மேனாகக் கேட்டில் உட்கார வைத்துவிடுவதாக மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்த மனுஷர் சிரித்துக்கொண்டு சொன்னதைத்தான் செய்வார்.

தணிக்கைக்கு மூன்று நாள் இருக்கும்போது புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது, விண்டோஸ் 95 போட்டு. நேரம் பார்த்து வந்தது பாருங்கள்! கம்ப்யூட்டர் கடை இன்ஜினியர் சந்துரு கோப்புகளையெல்லாம் புதியதன் திரையில் இறக்கிவிட்டு, பழையதை எக்ஸ்சேஞ்சில் தூக்கிக்கொண்டு போனான். நகல் வைத்திருந்த பிளாப்பிகளும் அவனோடு போயின.

கருப்புசாமிக்கு உள்ளூர உதறல். டாஸில் கட்டளைகள் மனப்பாடம். இங்கே எல்லாம் படம், எல்லாவற்றையும் மவுஸால் பிடித்து இழுக்க வேண்டும். போதாக்குறைக்கு நாற்பத்திரண்டு கோப்பும் திரை முழுக்க இறைந்து கிடந்தன. அப்போதுதான் மூலையில் 'ரீசைக்கிள் பின்' கண்ணில் பட்டது. அப்பாடா, தெரிந்த வார்த்தை! மெஷின் ஷாப்பிலிருந்து நல்ல நிலையில் திரும்பி வரும் சாமானை மறுபடி உபயோகிக்க அவரும் ஒரு பின்னில்தான் வைப்பார். படம் கூடை மாதிரி இருந்தது. இருக்கட்டும், பொடி நட்டெல்லாம் அவரிடமும் கூடையில்தான். ஒவ்வொன்றாக இழுத்து உள்ளே போட்டார். திரை துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. அன்றைக்குக் கேன்டீன் காபிகூட நன்றாக இருந்தது.

தணிக்கைக்கு முந்தின நாள் காலை, பிரிண்ட் எடுத்துத் தர அலுவலகத்து டைப்பிஸ்ட் ரூபா வந்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் பாதி கன்னடம்.

"எஷ்டு நீட்டா வச்சிருக்கீங்க சார்! அய்யோ, கச மட்டும் தும்பிப்போச்சே. காலி பண்ணிடறேன்."

பாராட்டில் கருப்புசாமிக்கு முகமெல்லாம் பல். கச என்றால் குப்பை, தும்பிப்போச்சு என்றால் நிரம்பிவிட்டது என்பது இருபத்திரண்டு வருஷத்தில் தெரியாதா? எங்கேயோ கிடந்தது போலிருக்கிறது, தள்ளட்டும் என்று இருந்தார். திரையில் ஒரு பெட்டி முளைத்து, இந்த 42 உருப்படிகளையும் நிச்சயமாக அழித்துவிடலாமா என்று இங்கிலீஷில் கேட்டது.

நாற்பத்திரண்டு! அவர் கோப்புகளும் அத்தனைதான்.

"நிறுத்தம்மிணி! அது குப்பையில்லீங், என்ற ஸ்டோர்ஸு!"

ரூபாவின் விரல் அப்படியே நின்றது. "நீங்களா உள்ள போட்டீங்க?"

"பின்னுன்னு எளுதியிருக்குதல்லொ? பின்னுல வெக்காம தரையிலயா வெப்பாங்க?"

ரூபா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கருப்புசாமிக்கு அவமானம் ஒரு பக்கம், கேட்டு ஸ்டூல் ஒரு பக்கம்.

"பயப்படாதீங்க சார், ஒண்ணும் போகல," என்று 'நோ'வை அழுத்தினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அவள் அந்தக் கூடையைத் திறந்து காட்டினாள். வரிசையாக நாற்பத்திரண்டும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர், எந்த இடத்திலிருந்து வந்தது, என்றைக்குப் போட்டது, எவ்வளவு பெரியது என்று கட்டம் கட்டி எழுதியிருந்தது. கருப்புசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஏனம்மிணி, குப்பைக்கே பின் கார்டு போட்டு வெச்சிருக்கறானா?"

"ஹௌது சார். ரெஸ்டோர் கொடுத்தா, எங்கிருந்து வந்துச்சோ அங்கயே போய் உக்காந்துக்கும்."

கொடுத்தாள். நாற்பத்திரண்டும் பழையபடி திரைக்கு வந்தன. மத்தியானத்துக்குள் எல்லாம் காகிதத்தில் ஏறி மேஜைமேல் அடுக்காக நின்றன. கருப்புசாமி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். என்ன சாமான், எங்கிருந்து வந்தது, என்றைக்கு வைத்தது என்று பின்னில் தொங்கும் கார்டில் எழுதுங்கடா என்று இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும், இந்தக் கம்பெனியில் ஒருத்தன் ஒழுங்காக எழுதியதில்லை. மனசு நிறைந்துபோய், கம்ப்யூட்டரின் தலையில் மெதுவாகக் கை வைத்தார்.

"இதைச் செஞ்சவன் யாருன்னு தெரியிலீங் அம்மிணி. ஆனா அவன் ஸ்டோர்ஸ்ல வேலை பாத்தவனாத்தான் இருக்கோணும்."