இலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இரு

பழக்கமில்லாத மொழியில் ஒரு கேள்வி காதில் விழுந்தால், பதில் சொல்ல வேண்டியவர் மனத்துக்குள் நிறைய வேலை நடக்கிறது. சொற்களைப் பிரிக்க வேண்டும், பொருள் தேட வேண்டும், பதிலைத் தன் மொழியில் யோசித்து மறுபடி அந்த மொழிக்கு மாற்ற வேண்டும். அதனால் இரண்டாம் மொழி கற்பிக்கிறவர் கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதை விளக்க ஆசிரியை செல்வநாயகி, பீங்கான் பொம்மைக்குப் பேர்போன விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததையே எடுத்துக்கொள்வாள். பொம்மை அச்சில் களிமண் கூழை ஊற்றுகிறோம். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க ஓரத்துக் கூழ் கெட்டியாகிச் சுவர் பிடிக்கும். மீதிக் கூழை வெளியேற்ற அவசரப்பட்டுக் கவிழ்த்தால் சுவர் மெல்லிசாகி, பொம்மை வெளியே வரும்போதே உடையும்.

"அவங்க யோசிக்கிற நேரமும் அப்படித்தான். கெடுக்காதீங்க" என்பாள்.

அவள் வேலை பார்த்த தனியார் கல்லூரியில் மொழி கற்பித்தலும் சுற்றுலா மேலாண்மையும் சேர்ந்து ஒரே பட்டப்படிப்பு. ஊரைக் காட்டுகிறவரே வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை தமிழும் சொல்லிக்கொடுக்கலாமே என்ற யோசனை அவளுடையது. பாடத்திட்டமும் அவள் எழுதியதுதான். சுற்றுலா ஆசிரியர் குருமூர்த்தி விலகிய பிறகு இரண்டு பாதியையும் அவளே நடத்தினாள். கடைசி ஆண்டில் நான்கு பெண்கள். ஒருத்திக்காவது வேலை கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு சேர்க்கை கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

ஆள் எடுக்க வந்தது புதுச்சேரிச் சுற்றுலா நிறுவனம் ஒன்று மட்டும். அங்கேயே தங்க வேண்டும் என்றதும் மூன்று வீடுகள் மறுத்துவிட்டன. இளமதியின் அம்மா அம்சவல்லி மட்டும் "போகட்டுங்க" என்றாள். அவள் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்பவள்.

மேலாளர் அச்சுதன் தன் காரிலேயே ஒரு நாக்பூர்த் தம்பதியைக் கூட்டிவந்தார். "சிதம்பரம் பாத்துட்டு வராங்க. நிஜப் பயணிங்க. பொண்ணு பழமலைநாதர் கோயிலைச் சுத்திக் காட்டட்டும், நான் பின்னாடியே வரேன்."

ஆள் தேர்வின்போது ஆசிரியர் குறுக்கிடக் கூடாது. செல்வநாயகி தள்ளி நின்றுகொண்டாள்.

வன்னி மரத்தடியில் இளமதி உதிர்ந்த இலையை எடுத்து அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். எளிய ஆங்கிலத்தில், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தியாகச் சொன்னாள். கோயில் கட்டியவர்களுக்கு முனிவர் கொடுத்த கூலி இந்த இலைதான். பிறகு பார்த்தபோது அது வேறொன்றாக மாறியிருந்தது. "என்னவாக?"

கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். அம்மாள் இலையைத் திருப்பிப் பார்த்தாள். உதடு அசைந்தது. சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

"கோல்டு! செஞ்ச வேலைக்குத் தக்கபடி தங்கம்!" என்றார் அச்சுதன்.

அம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே போனதும், இங்கே எல்லாமே ஐந்து ஐந்தாக இருக்கும், நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டு இளமதி மறுபடி நின்றாள்.

"என்னம்மா, மௌன விரதமா? சாமியே பேசிடும் போலிருக்குது, நீ பேச மாட்டேங்குற" என்றார் அச்சுதன்.

வெளியே வந்ததும் செல்வநாயகியிடம் சொன்னார்: "நல்ல பொண்ணுங்க மேடம். ஆனா பாதியில பாதியில மறந்துடுது."

"மறக்கலைங்க சார். அவங்க பதிலுக்குக் காத்திருந்தா. நான்தான் அப்படிப் பழக்கினேன்."

"பதில் எதுக்குங்க? பஸ்ஸு நிறைய ஆள் இருப்பாங்க. கோயிலுக்கு முக்கால் மணி, பொம்மைக் கடைக்கு அரை மணி. அடுத்த ஊர்ல சாப்பாடு சொல்லி வெச்சிருப்போம். ஒவ்வொருத்தரும் யோசிச்சு முடிக்கட்டும்னா இங்கயே படுத்துக்க வேண்டியதுதான்."

அவர் சொன்னது சரி. பயணத் திட்டத்தைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும் என்று காலை வகுப்பில் கற்பித்தவள் அவள்தான். மதிய வகுப்பில் காத்திருக்கச் சொன்னவளும் அவள்தான். தனித்தனியே இரண்டும் பழுதில்லாமல் ஓடின. ஒரே பெண்ணின் வாயில் இரண்டும் சேர்ந்து ஓடுமா என்று அவள் ஒருநாளும் ஓட்டிப் பார்க்கவில்லை.

"தப்பு என்னுதுங்க சார். இன்னொரு தடவை பாருங்களேன்."

"இன்னும் ரெண்டு காலேஜுக்குப் போகணுங்க."

இளமதி கார் கதவருகே ஓடினாள். "சார், நிறுத்தாம பேசுறேன் சார். கேளுங்க." ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து தீர்த்தம் என்று மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் கொட்டினாள். பின் இருக்கையில் அந்த அம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு காதைத் தொட்டுக் கையை ஆட்டினாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் புரியலம்மா" என்று அச்சுதன் கண்ணாடியை ஏற்றினார். கார் தேரடி தாண்டிப் போய்விட்டது. இளமதி ஐந்து தேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போதும், இளமதி."

"இன்னும் பாதி இருக்குது மிஸ்."

கோபுர வாசலில் அம்சவல்லி லீவு போட்டுவிட்டு நல்ல புடவையில் நின்றிருந்தாள். "எப்ப போய்ச் சேரணுங்க?"

"எடுக்கலைங்க. அடுத்த வருஷம் இந்தப் படிப்பும் இல்ல."

அம்சவல்லி மகளைப் பார்த்தாள். "கம்பெனியில பேக்கிங்குக்கு ஆள் கேட்டாங்க. நாளைக்கு என்கூட வந்துடு."

"சரிம்மா" என்றாள் இளமதி.